யாழினிக்கு 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா? பெங்களூரில் பிறந்த குழந்தையின் பெயரை எழுதும் முறை

கேள்வி: "பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். பெண் குழந்தை பிறந்து 18 நாள் ஆகிறது. யாழினி என்று பெயர் முடிவாகிவிட்டது. ஆங்கிலத்தில் 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா? முதலில் ஒரு 'ஏ' போதுமா, இரண்டு வேண்டுமா? எண் கணிதம் பார்ப்பவர் கூடுதலாக ஒரு 'ஏ'வும் கடைசியில் ஒரு 'எச்'சும் சேர்க்கச் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் 21 நாளுக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும் என்கிறார்கள்."

முதலில் அந்த அவசரத்தை விட்டுவிடுங்கள். 21 நாள் என்பது குழந்தை பிறந்ததைப் பதிவதற்கான கெடு. பெயருக்கு அந்தக் கெடு கிடையாது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்க இடம் தருகிறது. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தெரிவிப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. "பெயர் இன்னும் முடிவாகவில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள்" என்று சொன்னால் போதும். ஆனால் இந்த 12 மாதத்தையும் இழுத்தடிக்க வேண்டாம். ஓரிரு வாரம் எடுத்துக்கொண்டு நிதானமாக முடிவெடுங்கள்.

இன்று நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் இருவர் பெயரும் அந்தப் படிவத்தில் எப்படி இருக்கிறது என்பதைத்தான். அட்மிஷன் போட்ட இரவில் யாரோ காதில் கேட்டு எழுதிய எழுத்துகள் அப்படியே பதிவேட்டுக்குப் போகும். ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ள அதே எழுத்து, அதே இடைவெளி, அதே இனிஷியல் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் பெயரில் இரண்டாவது சொல்லாகத் தந்தை பெயர் வரப்போகிறது என்றால் இந்தப் பிழை குழந்தையின் பெயருக்குள்ளும் புகுந்துவிடும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்: பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும். 2025-ல் திருத்தப்பட்ட பாஸ்போர்ட் விதிகளும் இவர்களுக்குப் பிறந்த தேதிச் சான்றாக வேறெதையும் ஏற்பதில்லை. நம் தலைமுறையில் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரே பெயராக நிலைத்தது. பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கக்கூட ஆளில்லை. உங்கள் மகளுக்கு அந்தத் தாள்தான் வேர்.

இப்போது எழுத்துக்கு வருவோம். பெங்களூரில் பிறந்த குழந்தையின் பெயர் மூன்று எழுத்துமுறைகளில் வாழும். வீட்டில் தமிழ். சான்றிதழில் கன்னடம், ஆங்கிலம் இரண்டும். பெற்றோர் எல்லோரும் ஆங்கில வரியைப் பற்றி மட்டுமே மாதக்கணக்கில் பேசுகிறார்கள். கன்னட வரியை அலுவலகத்தில் இருப்பவர் ஆங்கிலத்தைப் பார்த்துத் தானே தட்டுகிறார், அல்லது மென்பொருள் தட்டுகிறது. பெயர் சிதைவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே ஆங்கில எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, 'இதைக் கன்னடம் படித்த ஒருவர் எப்படிக் கன்னடத்தில் எழுதுவார்' என்ற கேள்வியையும் சேர்த்துப் பாருங்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போய் வேலூரிலோ தருமபுரியிலோ பிறந்த குழந்தை என்றால் கதை வேறு. பதிவு பிறந்த ஊரில்தான் நடக்கும். சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். கன்னடப் பிரச்சினை ஆதார் எடுக்கும்போதுதான் தலைகாட்டும்.

ழகரம். 'இசட் எச்' என்பது ஆங்கிலம் தந்த வழக்கம் அல்ல. தமிழரும் மலையாளிகளும் ழகரத்துக்கென்று ஏற்படுத்திக்கொண்ட குறி. கோழிக்கோடும் ஆலப்புழையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் 'தமிழ்' என்ற சொல்லே உலகமெங்கும் 'எல்' போட்டுத்தான் எழுதப்படுகிறது. சென்னையின் சோழிங்கநல்லூருக்கும் 'எல்'தான். இரண்டு வழக்குமே பழையவை, இரண்டுமே சரி. ஒலிக்கு ஒலி பொருந்தும் ஆங்கில எழுத்து என்று ஒன்று அமையவே அமையாது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும்.

'இசட் எச்' போட்டால் என்ன ஆகும்? தமிழரும் மலையாளியும் சரியாகப் படிப்பார்கள். பெங்களூர்க் கன்னடர்களில் பலருக்கும், கூடப் படித்த, கூட வேலை செய்யும் தமிழர், மலையாளிகளால் இது பழக்கம். வடக்கத்தியர் 'யாஜினி' அல்லது 'யாஸினி' என்பார்கள். ஆங்கில அகராதிகளில் 'இசட் எச்' என்பது 'விஷன்' என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலிக்கான குறி. சீன மொழியின் ரோமன் எழுத்தில் அது ஜகரத்தை ஒட்டிய ஒலி. அதனால் வெளிநாட்டிலும் 'யாஜினி'தான். கன்னட மென்பொருள் பெரும்பாலும் ஜகர வர்க்க எழுத்தையே போடும்.

'எல்' போட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள். எல்லோரும் 'யாலினி' அல்லது 'யலினி' என்று சரளமாகப் படிப்பார்கள். அந்தச் சரளம்தான் எனக்குக் கவலை. 'இசட் எச்' பார்த்துத் தடுமாறுபவர் "இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்பார். குழந்தை ஒரு முறை சொல்லித் திருத்திவிடும். 'எல்' பார்த்துப் படிப்பவருக்குத் தான் தவறாகப் படித்ததே தெரியாது. ஐந்தாறு ஆண்டில் குழந்தையே தன்னை யாலினி என்று சொல்லிக்கொள்ளும். திருத்த வழியுள்ள பிழையா, ஓசையில்லாமல் நிலைத்துவிடும் பிழையா என்று கேட்டால், யாழினிக்கு என் தேர்வு 'இசட் எச்'தான். யாழ் என்ற சொல்லை விரும்பித்தானே இந்தப் பெயரை எடுத்தீர்கள்?

எல்லா ழகரப் பெயருக்கும் இது பொருந்தாது. யாழினி, மகிழன், குழலி, எழில் போல ழகரத்துக்குப் பின் உயிரோ ஒற்றை மெய்யோ வந்தால் 'இசட் எச்' தாங்கும். ழகரத்துக்குப் பின் வல்லெழுத்து ஒற்றோடு வந்தால், 'தமிழ்ச்செல்வி' போல, அடுத்தடுத்து ஐந்தாறு மெய்யெழுத்து ஆங்கிலத்தில் குவிந்துவிடும். படிவம் நிரப்புகிறவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு எழுத்தை விடுவார்கள். அங்கே 'எல்' போட்டு, சந்தி எழுத்தையும் விட்டு, 'தமிழ்' உலகத்துக்குத் தெரிந்த எழுத்திலேயே எழுதுவது நல்லது.

கன்னட வரியில் ழகரத்துக்கு என்ன எழுதுவது? பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது, இன்று வழக்கில் இல்லை. அது போன இடத்தில் பெரும்பாலும் ளகரம் வந்து உட்கார்ந்தது. நம் மழை அவர்களுக்கு மளெ, வாழை பாளெ, ஏழு ஏளு. ஆகவே கன்னடத்தில் 'யாளினி' என்று ளகரம் போட்டு எழுதுவது குறையல்ல, அந்த மொழியின் வரலாறு போன வழியே அதுதான். 'இசட் எச்' பார்த்து ஜகரம் போட்டுவிடுவதுதான் குறை. பதிவாளர் அலுவலகத்தில் "இசட் எச்சுக்குக் கன்னடத்தில் ளகாரம் போடுங்க" என்று சொல்லுங்கள், அதை எழுதியும் கொடுங்கள். பெங்களூரு, மங்களூரு என்று ளகரத்துக்கு ஆங்கில 'எல்' போட்டே பழகிய ஊர் இது. சொல்லாவிட்டால் 'இசட் எச்' பார்த்து ளகரம் போட அவர்களுக்குத் தோன்றாது.

அடுத்தது தகரம். உங்கள் பெயரில் அது இல்லை என்றாலும், பெங்களூர்த் தமிழர் அதிகம் சறுக்கும் இடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆங்கிலத்தின் இரண்டு 'டி'யும் தமிழில் ஒரே மாதிரி எழுதப்படுவதால், போனில் சொல்வதுபோல 'டெல்லி-டி', 'டைகர்-டி' என்றே குறிப்பிடுகிறேன்.

தமிழில் ஒரே தகரம். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும் இடத்திலும் அது வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்துக்குப் பின்னும் இரு உயிர்களுக்கு இடையிலும் மென்மையாக ஒலிக்கும். வன்மைக்கு 'டைகர்-டி எச்', மென்மைக்கு 'டெல்லி-டி எச்' என்பது நம் வழக்கம். முதலாவதால் பெங்களூரில் தொல்லை இல்லை. லதா, கீதா, சவிதா என்று கன்னடரும் டைகர்-டி எச்தான் போடுகிறார்கள். இரண்டாவதில்தான் வம்பு. கன்னடத்தில் 'டெல்லி-டி எச்' என்பது மகாப்ராண எழுத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சோடு வரும் வேறொரு ஒலி. தேவனஹள்ளிக்கு வெறும் டெல்லி-டி, தார்வாடுக்கு டெல்லி-டி எச். இரண்டையும் அவர்கள் குழப்புவதே இல்லை. நாம் நந்தினிக்கும் திவ்யாவுக்கும் தீபாவுக்கும் எச் சேர்த்து எழுதினால், கன்னட வரியில் மகாப்ராணம் விழுந்துவிடும். கன்னடம் படித்தவர் கண்ணுக்கு அது அப்பட்டமான எழுத்துப்பிழை. தினமும் வீட்டுக்கு வரும் நந்தினி பால் பாக்கெட்டைப் பாருங்கள், அதில் எச் இல்லை.

வடமொழி வேரிலிருந்து வந்த பெயர் என்றால் மூலத்தில் எந்தத் தகரம் என்று பார்த்து அதன்படி எழுதுவதே இந்த ஊருக்குப் பொருத்தம். ராதா, சுதா, மாதவி, தனலட்சுமி ஆகியவற்றுக்கு எச் உண்டு. வேதா, இந்து, நந்தினி, தேவி, ஆதித்யா ஆகியவற்றின் முதல் தகரத்துக்கோ ஒரே தகரத்துக்கோ எச் கிடையாது. ஆதவன், ஆதிரை போன்ற தமிழ் வழக்குப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் எச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். வெறும் டெல்லி-டி மட்டும் போட்டால் தமிழர் சிலர் 'ஆடவன்' என்று படிப்பார்கள், அதனால் நான் எச்சோடு எழுதுவேன். ஆனால் கன்னடத்தில் அல்பப்ராணம், அதாவது எச் இல்லாத சாதாரண 'த' போடச் சொல்வேன்.

மாற்றலாகி டெல்லியோ மும்பையோ போக வாய்ப்புள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே 'டைகர்-டி எச்' என்றாலே மூச்சுத் தகரம். நம் கீதாவை எச் இல்லாமல்தான் எழுதுவார்கள். மராத்தியில் ளகரம் உண்டு. எகர ஒகரக் குறில்களுக்கு இந்தியிலும் மராத்தியிலும் தனி எழுத்து இல்லாததால் எழில் அங்கே 'ஏழில்' போலத்தான் விழும். இந்த வகையில் கன்னடம் நமக்கு உறவு, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தனித்தனியாக உண்டு. ஆங்கில எழுத்தை மூன்று ஊருக்கும் பொருந்தும்படி வளைக்கப் பார்க்காதீர்கள். குழந்தை எங்கே வளரப்போகிறதோ அந்த ஊருக்கு எழுதுங்கள்.

ககரத்துக்கும் இதே போல்தான், நடுவில் வரும் மென்மையான ககரத்துக்கு 'கே' போடாதீர்கள். முகில் என்ற பெயருக்கு 'கே' போட்டால் கன்னடத்தில் 'முக்கில்' போல வன்மையாக விழும். 'ஜி' போட்டால் 'முகிலு' என்று அவர்கள் மொழியிலேயே மேகத்துக்கு இருக்கும் சொல்லாகத் தெரியும். சகரம், ஞகரம் பற்றி நீட்ட வேண்டாம். செழியனை 'எஸ்' போட்டு அழைக்கிறீர்களா, 'சி எச்' போட்டு அழைக்கிறீர்களா என்று வீட்டில் காதால் கேட்டு, அதையே எழுதுங்கள். ணகர னகரங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே 'என்'தான். ஆனால் கன்னடத்தில் இரண்டும் தனி எழுத்து. வாணிக்குக் கன்னட ணகரம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால் 'வானி' ஆகிவிடும். றகரம் கன்னடத்தில் வழக்கொழிந்துவிட்டது, ரகரமே போதும். வெற்றி அங்கே 'வெட்ரி' என்று எழுதப்படும், அதைத் தடுக்க முடியாது.

நெடிலுக்கு 'ஏ' ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு ஒரு சோதனை உண்டு. நெடிலைக் குறிலாகப் படித்தால், அல்லது குறிலை நெடிலாகப் படித்தால், வேறொரு பெயரோ வேறொரு சொல்லோ கிடைக்கிறதா? கிடைத்தால் எழுத்தை இரட்டியுங்கள், இல்லாவிட்டால் ஒன்றே போதும். 'யழினி' என்று தமிழில் எதுவும் இல்லை, எனவே யாழினிக்கு ஒற்றை 'ஏ' போதும். ஆனால் கலா, காலா ஆகிறாள். நிலா, நீலா ஆகிறாள். நிலாவில் முதல் உயிர் குறில் என்பதை ஆங்கிலம் காட்டவே காட்டாது. அங்கே இயல்வது, நீலாவை 'இரட்டை இ' போட்டு எழுதும் வழக்கம் இருப்பதால், நிலாவுக்கு ஒற்றை 'ஐ' போட்டுவிட்டுக் கன்னட வரியில் குறிலை உறுதி செய்வதுதான். கடைசி எழுத்தையும் பாருங்கள். கன்னடத்தில் ஆண் பெயர்கள் பல அகரக் குறிலில் முடியும், பெண் பெயர்கள் ஆகாரத்தில் முடிவது உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஏ'. நிலா கன்னடத்தில் 'நில' என்று நிற்கக் கூடாது என்றால் நெடில் குறியைக் கேட்டு வாங்க வேண்டும்.

எண் கணிதம். நம்புவதும் நம்பாததும் உங்கள் குடும்பத்தின் விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அவர் கூட்டும் முறையை நீங்களும் தெரிந்துகொண்டால் எழுத்தைக் காப்பாற்றலாம். நம் ஊரில் பெரும்பாலும் கையாளும் கல்தேய முறையில் ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் ஆகியவற்றுக்கு 1. சி, ஜி, எல், எஸ் ஆகியவற்றுக்கு 3. இ, எச், என், எக்ஸ் ஆகியவற்றுக்கு 5. ஓ, இசட் ஆகியவற்றுக்கு 7. யாழினியைக் கூட்டிப் பாருங்கள்: ஒய் 1, ஏ 1, இசட் 7, எச் 5, ஐ 1, என் 5, ஐ 1. மொத்தம் 21. அவர் சொல்லும் ஒரு 'ஏ'வும் ஒரு 'எச்'சும் சேர்ந்தால் 27. அதாவது அவருக்குத் தேவை 6 கூடுவதுதான், அந்த எழுத்துகளே வேண்டும் என்பதில்லை.

'ஏ' சேர்ப்பதால் கேடு இல்லை, நெடிலை அழுத்தமாகவே காட்டும். கடைசியில் 'எச்' சேர்ப்பதுதான் தொல்லை. கன்னட மென்பொருள் அதை ஒரு ஹகர ஒற்றாக மாற்றி 'யாழினிஹ்' என்று நிறுத்தும். மனிதரும் வாயில் ஒரு மூச்சை விட்டுப் படிப்பார்கள். அதே 5 மதிப்பு 'இ'க்கும் உண்டு. அந்தக் கூடுதல் 'ஏ'வோடு, கடைசியில் 'ஐ இ' என்று முடித்தாலும் 27 வரும். ஜூலி, சோஃபி மாதிரி ஆங்கிலப் பெயர்கள் சில அப்படி முடிவதால் அதைப் படிப்பவர் ஈகாரமாகவே படிப்பார். ஆகவே அவரிடம் "எந்த எழுத்து" என்று கேட்காதீர்கள், "எந்த எண் வர வேண்டும்" என்று கேளுங்கள். எழுத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றையும் அவரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: அவர் கூட்டுவது பெயரை மட்டுமா, தந்தை பெயரோடா, இனிஷியலோடா? சான்றிதழில் இருக்கப்போவது எதுவோ அதைத்தான் கூட்ட வேண்டும். பித்தாகரஸ் முறையில் கூட்டுபவரிடம் போனால் இதே யாழினிக்கு 47 வரும். ஆகவே ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்துப் பிறகு மாற்றி, மீண்டும் மாற்றும் சுழலில் சிக்காதீர்கள். பதிவுக்கு முன்பு ஒரு முறை, அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசுவினிக்குப் பஞ்சாங்கத்தில் 'சு, சே, சோ, லா' என்று இருக்கும். தமிழில் சகரத்தை 'எஸ்' ஒலியாகப் படித்துச் சுதர்சன், சுகன்யா என்று வைத்துவிடுகிறோம். மூலத்தில் அது 'சி எச்' ஒலி. கன்னடப் புரோகிதரை வைத்து நாமகரணம் செய்தால் அவர் இதைச் சுட்டிக்காட்டுவார். அட்டையெல்லாம் அடித்த பிறகு இந்தப் பேச்சு வராமல் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனிஷியலை விட்டுவிடுவதா, விரிப்பதா? இது எழுத்துக் கூட்டலைவிடப் பெரிய தலைவலி. தமிழர் வழக்கம் முன்னால் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுத வேண்டும், பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டம். பிறப்புச் சான்றிதழில் 'யாழினி' மட்டும், ஆதாரில் 'யாழினி எம்', பாஸ்போர்ட்டில் 'யாழினி முருகேசன்' என்று மூன்று தாளில் மூன்று பேராக ஒரு குழந்தை நிற்கும். ஒற்றைச் சொல்லிலேயே பாஸ்போர்ட் எடுத்தால் அதற்கும் சிக்கல் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல திண்டாடின. அமெரிக்க விசாவில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'எஃப் என் யு', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சிடுவார்கள்.

என் பரிந்துரை: பிறப்புச் சான்றிதழிலேயே குழந்தை பெயர், ஒரு இடைவெளி, தந்தை பெயர் முழுதாக (தாய் பெயர் வேண்டும் என்றால் அது). இரண்டே சொல். புள்ளி வேண்டாம், மேற்கோள் குறி வேண்டாம், இணைப்புக் கோடு வேண்டாம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் மொத்தம் 44 இடம், அதில் பெயருக்கு 39. மேற்கோள் குறி அங்கே காணாமல் போகும், கோடு நிரப்புக் குறியாக மாறிவிடும். தந்தை பெயரும் பெயருக்கு முன் ஊர்ப் பெயரும் சேர்ந்து நீளமாக இருந்தால் விமான டிக்கெட்டில் வெட்டுப்படும். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் இரண்டு மூன்று வடிவங்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஆதாரும் பாஸ்போர்ட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித்தான் வரும். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக் கன்னடர் ஒருவர், இந்திக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அவர், இவர்களிடம் எதுவும் சொல்லாமல் தாளைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை தயங்காமல் படிக்கும் வடிவம் எது என்று பாருங்கள். பிறகு இன்னொருவருக்குப் போனில் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். டெலிவரி வரும் பையன், வங்கி, ஸ்கூல் பஸ் எல்லாம் காதில் கேட்டுத்தான் எழுதும். கடைசியாக, உங்கள் போனின் கன்னடக் கீபோர்டில் அந்த ஆங்கில எழுத்துகளைத் தட்டி, முதலில் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். ஆதார் மையத்திலும் பதிவாளர் அலுவலகத்திலும் கணினி ஏறக்குறைய அதையேதான் முன்வைக்கும். அது தவறாக வந்தால் ஆங்கிலத்தை மாற்ற வேண்டியதில்லை, கன்னடத்தை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை அது.

பதிவுக்குப் போகும்போது அரைத்தாளில் மூன்று வரி எழுதிக் கொண்டு போங்கள்: பெரிய ஆங்கில எழுத்தில் முழுப் பெயர், கன்னடத்தில் முழுப் பெயர், தமிழில் முழுப் பெயர். கன்னட வரியைக் கன்னடம் நன்றாக எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதுங்கள், கீபோர்டு தந்ததை நம்பாதீர்கள். பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால், உங்கள் வீடு இருக்கும் பகுதியைப் பார்க்காமல், ஆஸ்பத்திரி எந்தப் பகுதிப் பதிவாளரின் எல்லையில் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொண்டு அங்கே போங்கள். பதிவு ஈ-ஜன்மா மென்பொருளில் ஏறும். அதை இறுதி செய்யும் முன் திரையையோ மாதிரிப் பிரதியையோ காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். கன்னடத்தில் மூன்று இடம் பாருங்கள்: முதல் எழுத்தின் நெடில், நடுவில் ளகரம், கடைசி உயிர்.

தவறு நேர்ந்துவிட்டால்? எழுத்துப் பிழை என்று காட்ட முடிந்தால் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதிவாளரே திருத்தலாம். பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதுவார்கள். ஆனால் 'எல்'லை 'இசட் எச்' ஆக்குவது பிழை திருத்தமா, பெயர் மாற்றமா என்ற கேள்வி எழும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-ல் ஒரு குழந்தையின் பெயர் மாற்ற வழக்கில், இச்சட்டத்தில் பெயரை மாற்ற வழி சொல்லப்படவில்லை என்று சுட்டிக்காட்டி, சட்டம் திருத்தப்படும் வரை பழைய பெயரும் புதிய பெயரும் இரண்டுமே தெரியும்படி எழுதச் சொன்னது. அந்தக் குறிப்போடு வரும் சான்றிதழைப் பிறகு ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்க வேண்டியிருக்கும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் குழந்தையின் ஆதார். ஐந்து வயது வரை கைரேகை எடுப்பதில்லை. பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் ஆதாரும் போதும். மையத்தில் உங்கள் பக்கம் திருப்பி வைத்த இன்னொரு திரை இருக்கும். ஆபரேட்டர் ஆங்கிலத்தில் தட்டத் தட்டக் கன்னடம் தானாக விழும். அந்தக் கன்னட வரியை அவரால் திருத்த முடியும். அதே அரைத்தாளை அவர் முன் வையுங்கள், சான்றிதழில் உள்ள கன்னடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அவள் பெரியவளாகித் தானே ஏதாவது மாற்ற விரும்பினால், அந்த இரண்டு வாய்ப்பும் அவளுக்கு மிச்சம் இருக்கட்டும்.